பூவும் மொட்டுமாக

அத்தை செடி வெட்டும் கத்தரியைப் பூத்து நின்ற கிளையில் வைத்து அழுத்தினார்.

கிளை பூவும் மொட்டுமாகத் தரையில் விழுந்தது.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அது மாமாவின் மல்லிகை. அவர் நடமாடியவரை இந்த வீட்டில் வேறு யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதுகூடக் கிடையாது.

மாமா செடிக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் இருந்தார். வழக்கத்துக்கு மாறாக அத்தையே அவரைத் தோட்டம்வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

பக்கவாதம் மாமாவின் வலது கை, காலோடு பேச்சையும் கொண்டுபோயிருந்தது. கை கொஞ்சம் அசையத் தொடங்கிவிட்டது, பேச்சுதான் வரவில்லை. தெருவே ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்திருந்த மனிதர்! பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் அட்டையில் பசுவையும் பந்தையும் காட்டிக் கெஞ்சுவாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரே முயற்சி செய்யாவிட்டால் பேச்சு வராமலே போகலாம் என்று நேற்று அவள் வாசலில் அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பூக்கிற காலத்தில் மல்லிகைமேல் கத்தரி படக்கூடாது என்பது மாமாவின் சட்டம். பூ ஓய்ந்த பிறகுதான் கவாத்து. அதுவும் கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக. சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட இந்தப் பாடத்தைக் கேட்காமல் வாசலைத் தாண்ட முடிந்ததில்லை.

அத்தை அடுத்த கிளையைக் கணுவோடு சேர்த்து நசுக்கி வெட்டினார்.

கவலையில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். ஈரத் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கத்தரியைப் பிடித்தேன். வேண்டாம் அத்தை, மாமா பார்க்கிறார் என்று கெஞ்சினேன். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

அடுத்துக் குனிந்து தாய்த்தண்டைப் பிடித்தார். அதை வெட்டினால் செடி பிழைக்குமோ பிழைக்காதோ, எனக்குத் தெரியாது.

மாமாவின் இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூடி, மறுபடி திறந்தது. அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. கத்தரி தண்டைக் கவ்விக்கொண்டு காத்திருந்தது.

“அறி... அறிவிருக்கா உனக்கு?”

குழறித்தான் வந்தது. ஆனால் முழுசாக வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மாமா அத்தையைப் பார்த்து இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் என்னை இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. அதே வார்த்தையைக் கேட்டு இப்போது, பிரசவ அறைக்கு வெளியே முதல் அழுகையைக் கேட்டவள்போல வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மாமாவும் தன் குரலைத் தானே கேட்டுத் திகைத்துப்போயிருந்தார்.

அத்தை கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தாய்த்தண்டை மெல்ல விட்டுவிட்டு, பூ அடர்ந்த இன்னொரு கிளையாகப் பார்த்துப் பிடித்தார்.

“இன்னொரு தடவை திட்டுங்க” என்றார்.