திருவிடந்தைக் கல்யாண மாலை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் கூசாமல் பெற்றவர்களிடம் சொல்லிவிடுகிறார்கள் என்று திருவிடந்தைக் கோயில் பிராகாரத்தில் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார் செங்கல்வராயன். இன்னொரு ஆணைத்தான் பிடித்திருக்கிறது என்று சொன்னதற்காக அவர் துரத்திவிட்ட மகன் பார்த்திபன், கல்யாணம் கூடிவரப் போட்டுக்கொள்ளும் மாலையோடு எதிரே நிற்கிறான். மாலையோடு கோயிலைச் சுற்றி வந்தால்தான் வீடு என்பது அவர் பேச்சு. கடற்காற்றில் பூக்கள் அசைகின்றன. அவன் கால்கள் அசையவில்லை. "பொய்யா சுத்த மாட்டேம்மா." அவன் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டிருந்த அவன் அம்மா வேண்டா, மாலையைக் கழற்றி முந்தானையில் போட்டுக்கொள்கிறாள். "இன்னாடா இப்டி எளச்சிகீற? உங்க நைனா கெடக்குது, வூட்டுக்கு வா." அவன் அவள் தோளில் சாய்ந்து அழுகிறான். எந்தத் தண்டவாளத்தில் கிடக்கிறானோ என்று இத்தனை நாள் பயந்திருந்த செங்கல்வராயனுக்கு இப்போதுதான் நிம்மதியாக மூச்சு வருகிறது. "எனக்கு இதெல்லாம் ஒப்பல. துண்டப் போட்டு பஸ்ஸுல மூணு எடம் புடிக்கிறேன், வந்து சேருங்க" என்றபடி திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்.