இடம் மாறும் வலி

"நேத்து வலது தோள்னீங்க. இன்னிக்கு இடதுன்றீங்க. முந்தாநாள் கழுத்து," என்றான் ஷபீர். செங்கல்பட்டில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவன்.

"வலி எடம் மாறிகினே கீது டாக்டரே," என்றார் தணிகாசலம். தொண்ணூறுகளில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் மாநிலம் முழுக்கப் பேர் வாங்கியவர். இப்போது அதைச் சொல்ல பிடிகளில் நசுங்கிச் சப்பிப்போன அவருடைய காதுகள் மட்டும்தான் இருந்தன.

ஷபீர் இடது தோளை அமுக்கி, மடக்கி, சுழற்றிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான்.

"எக்ஸ்ரேலயும் ஒண்ணும் இல்ல சார். எங்க வலிச்சுதுன்னே நீங்க மறந்துட்றீங்கன்னு நெனைக்கிறேன். நாளைக்கு வூட்லேர்ந்து யாரையாச்சும் கூட்டினு வாங்க."

"வூட்ல யாரும் இல்லப்பா. எனக்கு மறதியும் இல்ல." தணிகாசலம் எழுந்து உட்கார்ந்து சட்டையை எடுத்தார். "வலியும் இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் தெனம் வரீங்க?"

"கோதாவுல இருந்த வரைக்கும் தெனம் எவனாச்சும் என்னை இறுக்கிப் புடிச்சிகினு இருப்பான். இப்போ கடைக்காரன்கூட மீதிச் சில்லறைய மேஜை மேலதான் வெக்கிறான். என்னைத் தொட்றது நீ ஒருத்தன்தான்."

ஷபீர் அவர் கையிலிருந்த சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினான்.

"படுங்க அண்ணாத்த. இன்னிக்கு வலது தோளை இன்னும் பாக்கவேயில்ல."