தீவனக் கட்டத்தில் பூஜ்யம்

கெய்ரோவின் நண்பகல் வெயில் புள்ளிவிவர அலுவலகத்து ஜன்னல் வழியே புகுந்து, இன்ஷிராஹின் மேசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கணினித் திரையில் நாட்டின் கோதுமைக் கணக்கு: விளைந்தது, கப்பலில் வந்தது, மனிதர் தின்றது, கால்நடை தின்றது. அந்தக் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொல்லி, நைல் நதியே வற்றிவிடும் சத்தத்தோடு தேநீரை உறிஞ்சியபடி, பின்னால் நிற்கிறார் இயக்குநர் ஷவ்கத். "மானிய ரொட்டிய மாடு தின்னுதுன்னு நாமளே எழுதுறதா, மேடம்? மானம் போயிடும்!" ஆனால் பூஜ்யம் போட்டால் அத்தனை கோதுமையும் கணக்கில் மனிதர் வயிற்றில் ஏறும், ஜனங்கள் அளவுக்கு மிஞ்சித் தின்கிறார்கள் என்று மேலிடம் ரொட்டியைக் குறைக்கும். இன்ஷிராஹ் ஜன்னலைக் காட்டுகிறாள். எதிர் மொட்டைமாடியில், டிஷ் ஆண்டெனாக்களுக்கு நடுவே, அரபு தேசங்களிலேயே கொழுத்த ஆடு ஒன்று காய்ந்த ரொட்டி மலையின்மேல் சுல்தானைப் போல நிற்கிறது. அது மெல்லுகிற நொறுநொறுப்பில் தெருவே அதிர்கிறது. "அதோ சாப்பிடுறாரே, அவரு மனுஷரா உஸ்தாத்?" இயக்குநர் திரைச்சீலையைச் சரக்கென்று மூடுகிறார். அவள் எழுந்துபோய், வளையங்கள் கதற அதைத் திறக்கிறாள். "வேலை போயிடும், பாத்துக்கோங்க." "போகட்டுமே. பூஜ்யம் வேணும்னா நீங்களே உக்காந்து அடிங்க. கீழ என் பேர எடுத்துட்டு உங்க பேரப் போடுங்க." தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இயக்குநர் நாற்காலியின் முதுகைப் பிடிக்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார், ஆறிப்போன தேநீரை உறிஞ்சுகிறார். உட்காரவில்லை. வெயில் முழுவதும் அந்தக் காலி நாற்காலியில்.