இடம் மாறிய குன்று

திரையில் குன்று எழுந்து நின்றது. அடியில் நீலம், இடுப்பில் பச்சை, உச்சியில் மஞ்சள்.

அப்பா எங்கே இருப்பார் என்பதைத்தான் சங்கமித்ரா வரைந்திருந்தாள். கிழக்கு மேற்காக எக்ஸ், தெற்கு வடக்காக ஒய். ஒவ்வொரு புள்ளியிலும் அவர் இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவோ, அவ்வளவு உயரம்.

உச்சி ஓசூர் போகும் வழியில், அத்திபெலேயில் இருந்தது.

அப்பா ஞானசேகரன் நேற்று விடியற்காலையில் பெங்களூர் அடுகோடி வீட்டிலிருந்து காணாமல் போனார். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி ஏறியே வயதானவர். சுரங்கத்தை மூடிப் பல வருடங்களாகியும், சமீப காலமாகப் பொழுது விடிந்தால் டிபன் பாக்ஸைத் தேடுவார், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்பார்.

நாற்காலியிலிருந்து எழ முடியாதபோது கைப்பிடியை மூன்று முறை தட்டுவார். சுரங்கத்தின் அடியிலிருந்து, ஆளை மேலே தூக்கு என்று லிப்டுக் கூண்டுக்காரனுக்குக் கொடுக்கும் சமிக்ஞையாம். வீட்டில் கூண்டும் கூண்டுக்காரனும் அவள்தான்.

அவர் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. அணைந்துபோகும் முன் அது அனுப்பிய இடக்குறிப்புகள், சிக்னல் சரியில்லாமல் சிதறிக் கிடந்தன. வெறும் எண்கள். அவற்றை அலுவலகக் கணினியில் போட்டுத்தான் நேற்று மாலை இந்தக் குன்றை எழுப்பினாள்.

அத்திபெலே என்றதும் ஆளாளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கோலார் பஸ் என்று நினைத்து ஓசூர் பஸ்ஸில் ஏறியிருப்பார் என்றார்கள். தம்பி பாலகுமார் காலையிலிருந்து அங்கே கடை கடையாகப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

"மித்ரா, இந்த மோட்டரு பைப்பு காலைலருந்து டொக்கு டொக்கு டொக்குன்னு தட்டிக்கினே கீது. மோட்டரு போடவே இல்ல. பிளம்பர வரச் சொல்றியா?"

எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைக் காணோம், அம்மாவுக்குப் பைப்புக் கவலை. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள்.

தம்பியிடம் பேசினாள். யாரும் பார்க்கவில்லையாம். அலுவலகக் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, குன்றின்மேல் அசல் புள்ளிகளையும் தூவிப் பார்ப்போமே என்று தோன்றியது.

தூவினாள். ஒரு புள்ளிகூடக் குன்றின்மேல் விழவில்லை.

குன்று தென்கிழக்கு மூலையில். புள்ளிகளோ வடமேற்கு மூலையில் ஈசல் போல மொய்த்துக் கிடந்தன.

தான் எழுதிய கட்டளைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு புரிந்தது. நாம் எக்ஸ், ஒய் என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த மென்பொருளோ அட்டவணையில் நிரையைத்தான் முதலில் எண்ணும். நிரை என்றால் மேலிருந்து கீழாக எண்ணும் வரிசை, அதாவது ஒய். அவள் எக்ஸை முதலில் கொடுத்திருந்தாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவளே எச்சரிக்கும் தவறு இது. மென்பொருளும் பிழை என்று கத்தவில்லை. வடக்கைக் கிழக்காக்கி, அழகாகப் புரட்டிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது.

அட்டவணையின் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்தாள்; நிரையும் நிரலும் இடம் மாறின. அவ்வளவுதான் திருத்தம்.

குன்று நகர்ந்து புள்ளிகளின் மேல் ஏறி நின்றது. உச்சியின் அடியில் ஊர்ப்படத்தை விரித்துப் பெரிதாக்கினாள். ஓசூர் ரோடு. அடுகோடி. அவள் தெரு. அவள் வீடு.

வீடு முழுக்கத் தேடியாயிற்றே. கட்டிலுக்கு அடியில், மொட்டை மாடியில், எல்லா இடத்திலும்.

இந்தப் படத்தில் கிழக்கு உண்டு, வடக்கு உண்டு. ஆழம் கிடையாது.

வாசலில், கார் நிறுத்தும் இடத்துத் தரைக்குக் கீழே, சம்ப் இருக்கிறது. ஒரு வாரமாகக் குழாயில் காவேரித் தண்ணீர் வராமல் அந்தத் தொட்டி காய்ந்து கிடந்தது. நேற்று தேடக் கிளம்பியபோது அதன் இரும்பு மூடி திறந்திருந்தது. யாராவது விழுந்துவைக்கப் போகிறார்கள் என்று, அந்த அவசரத்திலும் அவள்தான் அதைச் சாத்திக் கொக்கி போட்டாள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவை அழைத்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"நானே கூப்புடணும்னு இருந்தேன். பிளம்பர் வேணாண்டி. காவேரி வந்துடுச்சு, சம்ப்பு நெறயப் போவுது. அந்தப் பைப்பு தட்டுறதும் தானா நின்னு போச்சு."