இரண்டு கண்ணி

ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளி அரைஞாண் இல்லாமல் அங்கன்வாடியிலிருந்து திரும்பினாள் நித்யா மேரி. வயது மூன்று.

மறுநாள் காலை அவள் அப்பா மரியலூர்து அங்கன்வாடி வாசலில் போய் நின்றான். ஆயா பட்டம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அரைஞாணை நீட்டினாள். இடது பக்கம் அறுக்கிறதே என்று கழற்றினாளாம். கூட்டிப்போக வந்தது பக்கத்து வீட்டுப் பெண், அவளிடம் வெள்ளியைக் கொடுக்க மனசு வரவில்லையாம்.

ஆள் வந்து நின்ற பிறகு நீட்டுகிறவள் திருடிதானே என்று தெருவே கேட்கக் கத்தினான்.

"புள்ள வயித்துல ஒரு பக்கம் மட்டும் கல்லாட்டம் இருக்கு தம்பி. ஒண்ணுக்கும் செவப்பாப் போவுது. டாக்டர்கிட்ட காட்டு."

"எம்புள்ள தொப்பை போட்டா ஒனக்குப் பொறுக்கல. எடை ஏறியிருக்குன்னு டீச்சரே சொன்னாங்க."

எடை ஏறியது நிஜம்தான். கை கால் குச்சியானதை யாரும் பார்க்கவில்லை. சிவப்புக்கு பீட்ரூட் காரணம் என்றாள் மனைவி ரீட்டா.

மரியலூர்து புகார் எழுதிக் கொடுத்தான். பட்டம்மாளை இனி வர வேண்டாம் என்றார்கள். அன்றே புவனகிரி நகைக்கடைக்குப் போய் அரைஞாணில் இரண்டு கண்ணி கூட்டி, மகளுக்குப் போட்டு அழகு பார்த்தான்.

நாலாம் நாள் சுகாதார நர்ஸ் இளவரசி வீடு தேடி வந்தாள். ரீட்டா விளக்கெண்ணெய் தடவிக் குழந்தையின் வயிற்றை நீவிக்கொண்டிருந்தாள். அமுக்கவே கூடாது என்று கையைத் தடுத்தாள் நர்ஸ். கையோடு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

சிறுநீரகத்தில் கட்டி. புற்றுநோய். சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, பல நேரம் வலியே இருக்காது என்றார் டாக்டர். அந்தச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் மருந்து. பரவவில்லை, பிழைக்க வழி இருக்கிறது.

ஸ்கேனுக்குக் கழற்றிய அரைஞாண் மரியலூர்துவின் சட்டைப்பையில் கிடந்தது. இளவரசியைக் கும்பிட்டான்.

"நீங்க மட்டும் வரலன்னா..."

"நானா எங்க வந்தேன்? ஒரு அம்மா மூணு நாளா என் வாசல்ல வந்து உக்காந்துட்டாங்க. போய் அந்தப் புள்ள வயித்தைப் பாருன்னு ஒரே பேச்சு. வேலை போனதைப் பத்தி வாயே தொறக்கல."

"யாருங்க?"

"பட்டம்மாள்."