மூன்றாம் பொத்தான்

வீட்டு கேட்டை இடித்தது நான்தான். காரை உள்ளே விடும்போது, கண்ணாடியை இறக்குவதாக நினைத்துக் கதவிலிருந்த வேறு பொத்தானை அழுத்திவிட்டேன். சீட் என்னைத் தூக்கிக்கொண்டு சர்ரென்று பின்னால் போனது. பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. கேட் கோணிக்கொண்டது.

கதவில் மூன்று பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் சீட் என் மனைவியின் அளவுக்கு நகரும். இரண்டு, என் அளவு. மூன்று காலியாகத்தான் இருந்தது. இப்போது அதில் எவனோ ஒரு நெட்டைக்கால்காரன் குடியேறியிருக்கிறான்!

அவள் ஆபீஸ் மேனேஜர் ஆறடி. நான் ஐந்தடி மூன்று அங்குலம், ஷூவோடு சேர்த்து.

"நம்ம காரை வேற யாராவது ஓட்டினாங்களா?" என்றேன், குரலில் தேன் தடவி.

"இல்லையே."

"உங்க மேனேஜருக்கு ஓட்ட வருமோ?"

"கேட்டை இடிச்சது நீங்க. அந்த மனுஷனை ஏன் இழுக்கறீங்க?"

பரிந்து வேறு பேசுகிறாள்!

"மூணை அழுத்தினா சீட் அவ்வளவு பின்னால போகுதே, அது யாருக்கு? நேராச் சொல்லு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாது."

"படமாட்டேன்."

"எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா முழிச்சிட்டிருந்தேன். காரை நிறுத்தின பிறகு அழுத்தறதுக்கு நான்தான் செட் பண்ணி வெச்சேன். தினமும் ஸ்டீயரிங்ல தொப்பை மாட்டி, இறங்க முடியாமத் திணறுறாரே ஒருத்தர், அவருக்காக. அவர் நெட்டை இல்லீங்க, அகலம்."