அவர் உயரத்து அடுப்பு

நாங்கள் ஊர் ஊராகப் போகவென்று வாங்கிய பழைய வேனுக்குள் மரத்தூள் மிதக்கிறது. பின்கதவு வழியாக மதிய வெயில் அடுப்பு மேடையில் விழுகிறது. மேடை என் நெஞ்சுக்கு வருகிறது. “வழியெல்லாம் நான்தான் சமைப்பேன், நீ ஓட்டினா போதும்” என்று தன் உயரத்துக்கு அளந்து பொருத்தியவர், கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வாக்குத் தவறிய மனுஷன். மேடையை ஓங்கி அறைகிறேன், கரண்டிகள் குலுங்குகின்றன. வெளியே கொழுந்தன் சாவியை விரலில் சுழற்றுகிறான். “இனிமே யாருக்கு அண்ணி இது? வித்துத் தொலைங்க. தனியா எங்க போவீங்க?” “உங்க அண்ணன் தனியாத்தானே போனாரு. அவரைக் கேட்டியா?” சாவியைப் பிடுங்குகிறேன். வேனுக்குள் மிச்ச மரவேலையை முடிக்கும் தச்சர் தயங்கியபடி, “மேடையை உங்க உயரத்துக்கு இறக்கிடவாம்மா?” என்கிறார். “இறக்காதீங்க. கீழ ஒரு பலகை அடிங்க. அது மேல ஏறி நின்னு, அந்த ஆளைத் திட்டிக்கிட்டே சமைச்சுக்கறேன்.”